சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடுகிறதா?

மணப்பாடு

அன்புள்ள சூசை,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி முழுவதும் உன் வள்ளத்து எஞ்சினைப் பற்றியே புலம்பியிருக்கிறாய். உன் வீட்டம்மா படித்திருந்தால் அன்று உனக்குச் சோறு கிடைத்திருக்காது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி மட்டும் என்னை விடுவதாக இல்லை. கச்சான் என்னும் மேல்காற்று ஓயாததால் வள்ளங்கள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன. அதனால் நிதானமாக எழுத நேரம் இருக்கிறது.

"கார்புரேட்டர் போய்விட்டது, புதிது வாங்கு" என்றாராமே உங்கள் ஊர் மெக்கானிக். அவசரப்பட்டுப் பணத்தை இறைக்காதே. காற்றையும் எரிபொருளையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சாமான்தானே அது. ஊசி வால்வு, கேஸ்கெட் போன்ற சில்லறைச் சாமான்களைத் தவிர அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. பெரும்பாலும் அழுக்கு அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கழற்றுவதற்கு எளிதாகக் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது.

நீ ஒரே நோயாக எழுதியிருக்கிறாய்; எனக்கு இரண்டாகத் தெரிகிறது. விடியற்காலையில் தோள் கழன்று போகும் வரை கயிறு இழுக்க வேண்டியிருக்கிறது, கடலில் நிறுத்தி மறுபடி எடுத்தால் உடனே எடுத்துவிடுகிறது என்கிறாய். இது ஒன்று. எடுத்தபின் சோக்கை உள்ளே தள்ளி அணைத்ததும் இருமிக்கொண்டு நின்றுவிடுகிறது என்பது வேறு.

முதலாவதற்கு ஒரு கேள்வி. நம் எஞ்சின் பெட்ரோலில் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. இப்போது கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்துவது யார்? உன் மருமகன் என்றால், பெட்ரோல் விலைக்குப் பயந்து கடைசி வரை மண்ணெண்ணெயிலேயே ஓட்டி வந்து நிறுத்துகிறான் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நிறுத்தினால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இரவு முழுவதும் மண்ணெண்ணெய்தான் கிடக்கும். மறுநாள் நீ எரிபொருள் திருகைப் பெட்ரோலுக்கு மாற்றினாலும் எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த மண்ணெண்ணெயைத்தான். 38 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் அது ஆவியாகாமல், தீப்பொறி தரும் பிளக்கை நனைத்துவிட்டுச் சும்மா இருக்கும். போதாக்குறைக்கு, மண்ணெண்ணெயில் தட்டாமல் ஓட வேண்டும் என்று இந்த எஞ்சின்களுக்குச் சிலிண்டரின் அழுத்தத்தையே குறைத்துத்தான் செய்கிறார்கள். சூடாக இருக்கும்போது இது எதுவும் தெரியாது. அதனால்தான் கடலில் உடனே எடுக்கிறது.

சோதிப்பது எளிது. காலையில் கயிற்றைத் தொடும் முன், கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடி. விரலில் தொட்டுப் பார். பெட்ரோல் என்றால் சில்லென்று இருந்து நொடியில் காய்ந்து, அதில் கலந்த ஆயிலின் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். மண்ணெண்ணெய் காயாமல் வழவழவென்று நிற்கும். குப்பியின் அடியில் தனியாக ஏதாவது உருண்டு நின்றால் அது தண்ணீர். கரைக்குச் சில நிமிடத் தூரம் இருக்கும்போதே திருகைப் பெட்ரோலுக்கு மாற்றச் சொல். மருமகன் மிச்சம் பிடிக்கிற பெட்ரோலைவிட உன் தோளுக்குத் தைலம் வாங்கும் செலவு கூடுதல்.

இனி சோக் விஷயம். சோக் காற்றை மறித்து எரிபொருளைக் கூட்டித் தருகிறது. அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால், எரிபொருள் போதவில்லை அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டரைக் கழற்றும் முன் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார். பிறகு குழாயில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கு. கல்லாகி நிற்க வேண்டும். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்று இருந்தால் குழாயிலோ இணைப்பு வளையத்திலோ ஓட்டை. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் உள்ளே காற்றை மட்டும் இழுக்கும் ஓட்டைகள் உண்டு. ஏமாந்துவிடாதே.

பல்பு சரியாக நின்றால் சந்தேகம் சின்ன ஜெட்டின் மேல்தான், அதாவது கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்து விடும் நுண்துளைத் திருகின் மேல். வாடைக் காலத்தில் எஞ்சினைக் கிண்ணத்தில் எண்ணெயோடு அப்படியே போட்டு வைத்திருப்பாய்; காய்ந்து பிசினாகி அந்தத் துளையை மூடியிருக்கும். அதற்குள் இரும்புக் கம்பியை மட்டும் விடாதே. ஜெட் பித்தளை, துளை பெரிதானால் பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. பெட்ரோலில் ஊறவைத்து, நம்மிடம் இருப்பதிலேயே மெல்லிய தங்கூசி நரம்பை (தூண்டில் நைலான் இழையை) விட்டு எடு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 2022இல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்றார்கள், 2025இல் 20 ஆக்கிவிட்டார்கள். கரையில் ஓடும் வண்டிக்கு எப்படியோ, உப்புக்காற்றில் அரை டேங்க்கோடு கிடக்கும் படகுக்கு இது ஆகாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். நாம் கலக்கும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் என்னவாகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய ரப்பர் குழாயையும் அது உள்ளுக்குள் அரித்துத் துகளாக்கும். அந்தத் துகள்தான் ஜெட்டில் போய் உட்காரும். ஆகவே ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் பழைய குழாயையே மாட்டினால் மறுபடியும் அதே கதைதான். பெட்ரோலை அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வாங்கு.

பிளக்கில் நீலப்பொறி வருகிறது என்று எழுதியிருப்பதால் மின்சாரத்தைப் பற்றி நான் பேசவில்லை. இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் கிராங்க் சீலைத்தான், அதாவது எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையத்தைத்தான், சந்தேகிக்க வேண்டும். அதற்கு எஞ்சினையே பிரித்தாக வேண்டும். அது வரை போகாது என்றுதான் தோன்றுகிறது.

திருவிழாவுக்குச் செப்டம்பரில் கட்டாயம் வா, பேத்தியையும் காட்டு. அதற்குள் என் அக்காள் மகன் ராமேசுவரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் வருகிறான். கிண்ணத்துக்கான கேஸ்கெட்டும் இரண்டு முழம் குழாயும் கொடுத்து அனுப்புகிறேன். குப்பியில் என்ன இருந்தது என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அந்தோணி