கழுவாத சுவரில் பெயிண்ட் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் தங்கிவிட்ட புகை வாடை போகச் சாம்பிராணி போடச் சொல்லித் தங்கள் வீட்டுக் குறிப்புப் பகுதியில் படித்தேன். புகையை விரட்டப் புகையா? பாபநாசம் வட்டாரத்தில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். சம்பா அறுவடை முடிந்து வயலில் மிஞ்சிய அரிதாளைக் கொளுத்தும் மாசியிலும், தீபாவளிப் பலகாரத்துக்கு வைத்த எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்ட வீடுகளிலும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "மேலே ஒரு கோட் அடித்துவிடுங்கள், வாடை போய்விடும்."

போகாது. காற்றில் மிதக்கும் வாடை சன்னலைத் திறந்தால் தானாகவே போய்விடும். போகாமல் நிற்பது, பிசுக்காகச் சுவரிலும் துணியிலும் மரத்திலும் படிந்துவிட்டது. ஐப்பசி அடைமழையில் வீடு ஓதம் காத்தால் அது மறுபடி கிளம்பும். நம்பாதவர்கள் மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டு மூடியைக் கழற்றிப் பார்க்கட்டும். ஃபேன் இறக்கையின் மேல்புறத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். சூடான புகை குளிர்ந்த இடமாகத் தேடிப் போய் ஒட்டும். அதனால்தான் அடுப்படியில் பிடித்த தீயின் வாடை கடைசி அறை பீரோவுக்குள் வீசுகிறது. அந்த பீரோவிலும் பாலிஷ் போட்ட முன்பக்கத்தை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். பாலிஷ் படாத பின்பலகையும் இழுப்பறையின் அடிப்பக்கமும்தான் வாடையைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அரிதாள், வைக்கோல் புகை விடுவது பெரும்பாலும் உலர்ந்த கரி. அதில் எடுத்த எடுப்பில் ஈரத்துணி போடக் கூடாது. கரி கரைந்து சுவருக்குள் இறங்கிவிடும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் புகை வேறு ஜாதி. அதற்கு வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, கைக்கு உறை மாட்டிக்கொண்டு தேய்க்க வேண்டும். சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவ வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக வழியும். அந்தக் கோடு பிறகு எதற்கும் அசையாது. பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிட வேண்டும். இதெல்லாம் எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவருக்கு. சுண்ணாம்பும் பழைய டிஸ்டம்பரும் கழுவத் தாங்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். சுரண்டிய இடத்தில் புதுச் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. அதன் காரம் புகையில் உள்ள அமிலத்தை ஓரளவு முறிக்கும்.

கறை ஆழமாக இறங்கியிருந்தால், பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சாக அரக்குப் பிரைமர், கிடைக்காவிட்டால் ஆயில் பிரைமர். தண்ணீர் பிரைமர் அடித்தால் மஞ்சள் கறை அதிலேயே ஊறி மேலே வந்துவிடும். சிலர் வாடை சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. இதையாவது தங்கள் பகுதியில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

திரைச்சீலையும் போர்வையும் துவைத்து வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும். இலவம்பஞ்சுத் தலையணைக்கு அது போதாது; பஞ்சை மாற்றிவிடுவதே மேல்.

இத்தனையும் சொல்லிவிட்டு, கழுவுவதற்குத் தனிக் கூலி கேட்டால் வீட்டுக்காரர் முகம் மாறிவிடுகிறது. "துடைப்பதற்கா காசு? பெயிண்ட் அடிக்கத்தானே கூப்பிட்டோம்" என்பார்கள். பந்தலுக்கு, மேளத்துக்கு, சாப்பாட்டுக்கு வாரி இறைக்கிற கல்யாண வீட்டில்கூட இந்தப் பேரம்தான். கழுவ ஒப்புக்கொள்ளாத சுவரை இப்போதெல்லாம் நான் தொடுவதில்லை. வேறு ஆள் வைத்து அடித்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் அந்த வீட்டிலிருந்தே போன் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.