சேலைனில் நிற்குமா நனோ துணிக்கை?

ஆசிரியர் அவர்களுக்கு,

இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான், மருந்து ஏற்றிய நனோ துணிக்கைகளை (கண்ணுக்குத் தெரியாத மிகநுண் துகள்களை) ஒன்றுதிரண்டு படியாமல் வைத்திருக்கும் என்ற தங்கள் ஞாயிறு இதழ்ச் செய்தி வரவேற்கத்தக்கது. சிலாபம், புத்தளம் பண்ணைக் கழிவுக்கு அது நல்ல வழிதான். ஆனால் செய்தியில் சொல்லப்பட்ட உறுதித்தன்மை காய்ச்சி வடித்த நீரில் பார்த்தது. நோயாளியின் உடலில் ஓடுவது அந்த நீர் அல்லவே. கைட்டோசானின் அமைன் கூட்டங்கள் (நைதரசன் கொண்ட பகுதிகள்) அமிலத்தில் நேரேற்றம் பெறுவதால்தான் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமில, கார அளவான பி.எச். 6.5ஐத் தாண்டும்போது அந்த ஏற்றம் குறைகிறது, குருதியின் 7.4இல் பெரும்பாலும் போய்விடுகிறது. எஞ்சியதைக் குருதியின் உப்பு அயன்கள் மறைத்துவிடும். பூச்சுப் போதாத தங்கத் துணிக்கைக் கரைசலில் 0.9 சதவீத சேலைனை (உப்புக் கரைசலை) விட்டால், துணிக்கைகள் திரண்டு சிவப்பு நிறம் ஊதாவாகி நீலமாவதை ஆய்வுகூட மேசையிலேயே பார்க்கலாம். ஏற்றத்தை விடத் தன் பருத்த சங்கிலிகளால் காக்கும் அரபுப் பிசின் (ஒரு மரப் பிசின்) பூச்சு இங்கு கைட்டோசானைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும்.

எனவே இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி வழங்குவோர், 37 பாகை செல்சியசில் சேலைனிலும் சீரத்திலும் (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியிலும்) 24 மணி நேரம் வைத்த பின் துணிக்கையின் பருமன் எவ்வளவு என்பதை முதலில் கேட்க வேண்டும். ஓட்டுச் சரக்கு தொகுதிக்குத் தொகுதி மாறுவதால், ஒவ்வொரு தொகுதியின் அசற்றைல் நீக்க அளவையும் (அமைன் கூட்டங்கள் எவ்வளவு வெளிப்பட்டுள்ளன என்பதையும்) எண்டோடொக்சின் எனும் பற்றீரிய நச்சின் அளவையும் கேட்டுப் பெறுவது நல்லது.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06