ஸ்கோர் புத்தகம் சுமந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பழைய மாணவர்கள், பெற்றோர், அயலவர்கள், எதிரணி நண்பர்கள் அனைவருக்கும்,

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விளையாட்டு வரலாற்றைப் படங்களும் பதிவுகளுமாகத் திரட்டிச் சுவரில் ஏற்றுகிற வேலை ஒருமாதிரி ஒப்பேறிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எங்கள் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டு வாங்குகிற எங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் செய்தது ஆணி அடித்ததும் சட்டம் போட்டதும்தான். பொருள் எல்லாம் வேறு வீடுகளிலிருந்து வந்தது. அந்த வீடுகளுக்கு எழுதும் மடல் இது.

தொடங்கும்போது எங்களிடம் இருந்தது மிகக் கொஞ்சம். 1816இல் தொடங்கிய பள்ளிக்கூடம், 1904இலிருந்து எதிரணியான பரியோவான் கல்லூரியோடு துடுப்பாட்டம் (கிரிக்கெட்) என்று வாயால் சொல்லப் பெருமையாகத்தான் இருக்கும். எழுத்தில் காட்டு என்றால் கை வெறுமை. எங்கள் மைதானம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு பக்கம் கோட்டை, எட்டிப் பார்த்தால் பொது நூலகம். கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த வருடங்களில் அந்தச் சுற்றாடலில் தப்பிய கூரை குறைவு. அதற்கு முன்பே, 1981 மே 31 இரவு நூலகத்துக்கு வைத்த தீயில் 97,000 அளவான நூல்களோடு பழைய பத்திரிகைகளும் போய்விட்டன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. நூலகத்தில் இல்லாவிட்டால் பத்திரிகைக் கந்தோரில் கிடைக்கும் என்று மற்ற ஊர்க்காரர் சொல்லலாம். எங்களுக்கு அந்த இரண்டு கதவும் ஒரே கிழமையில் சாத்தப்பட்டவை. மிஞ்சியவை றங்குப்பெட்டிகளும் அலுமாரித் தட்டுகளும்தான்.

ஆகவே முதல் நன்றி ஸ்கோரர் அண்ணைக்கு. பெயரைப் போட்டால் புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று வெருட்டி வைத்திருக்கிறார், அதனால் பெயர் இல்லை. ஒரு பந்துகூட விளையாடாத மனிசன். ஆனால் கொட்டகை ஓரத்தில் ஒரு வாங்கில், எதிரணி ஸ்கோரருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு ஓவர் முடிவிலும் "சரியோ? சரி" என்று கணக்கு ஒத்துப் பார்த்து எழுதிய புத்தகங்கள் அவரிடம் இருந்தன. 1995 ஒக்டோபர் 30இல் சண்டை நெருங்க, வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. அரிசி, பாய், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம். இவருடைய சையிக்கிள் கரியரில் இவற்றோடு பொலித்தீனில் சுற்றிய ஸ்கோர் புத்தகங்களும் இருந்தன. "கொப்பிக்கு இடமிருக்கு, அம்மியைக் கொண்டுவர இடமில்லையோ?" என்று அக்கா அன்றைக்குக் கேட்டாராம். இன்றைக்கும் கேட்கிறார். அக்கா, அம்மி போனதற்கு நாங்களும் பொறுப்பு. மன்னித்துக்கொள்ளுங்கோ.

அந்தப் புத்தகங்களைத் திறந்த பிறகுதான் எங்கள் வேலையின் திசை மாறியது. அதுவரை நூறு அடித்தவர், ஐந்து விக்கெட் எடுத்தவர், கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர் என்றுதான் பட்டியல் போட்டிருந்தோம். கதைகளில் வாழ்பவர்கள் அவர்கள்தானே. கோட்டைப் பக்கம் போன சிக்ஸர் ஒவ்வொரு வருடமும் பத்து யார் தூரம் கூடிக்கொண்டே போகும். ஸ்கோர் புத்தகம் அப்படி வளர்வதில்லை. அதில் புள்ளி புள்ளியாய் ஓவர் ஓவராக ஓட்டமே கொடுக்காமல் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் இருக்கிறான், அவனுக்கு அன்று ஒரு விக்கெட்டும் விழவில்லை. மற்ற முனையில் அவசரப்பட்டு அடித்தவர்களின் விக்கெட்டைத்தான் மற்றப் பையன் அள்ளினான். பதினோராவது ஆளாய் இறங்கி, நேரம் முடியும்வரை ஒரு ஓட்டமும் எடுக்காமல் நின்று போட்டியைச் சமநிலையாக்கியவனும் இருக்கிறான். அவன் பெயருக்கு நேரே பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். சிலர் சிரித்தார்கள். ஒரு காலத்தில் விக்கெட் காத்த ஒரு ஐயா மட்டும் அதற்கு முன்னால் நீண்டநேரம் நின்றார்.

அடுத்த நன்றியைச் சொல்லப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. அது பரியோவான் பழைய மாணவர்களுக்கு. எங்கள் தோல்விகளை எங்களைவிட ஒழுங்காகப் பாதுகாத்தவர்கள் அவர்கள். இல்லாத வருடங்களைக் கேட்டுப் போனபோது, தேத்தண்ணி தந்து, பழைய சஞ்சிகைகளை எடுத்து மேசையில் பரப்பினார்கள். அவர்கள் வென்ற வருடப் பக்கங்கள் அடிக்கடி புரட்டப்பட்டு மூலை மடிந்திருந்தன, நாங்கள் வென்றவை புத்தம்புதிதாக இருந்தன. "தோத்ததையும் எழுதித்தானே வைச்சிருக்கிறம், பாருங்கோ" என்றார் ஒருவர். உண்மைதான், ஒரு வரி வெட்டாமல் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு கல்லூரிகளும் வருடாவருடம் மோதும் துடுப்பாட்டத்துக்கு வடக்கின் பெரும்போர் என்று பெயர் வைத்துவிட்டு மூன்று நாள் கத்துகிறோம், பாண்ட் அடிக்கிறோம், கொடியோடு ரோட்டை மறிக்கிறோம். நிசமான போர் நடந்த வருடங்களில் சில மார்ச் மாதங்கள் ஆட்டமே இல்லாமல் போயின. அந்த இடைவெளிகளைச் சுவரில் வெற்றுச் சட்டமாகவே விட்டிருப்பதும் அவர்கள் தந்த யோசனை. எதிரணி இல்லாமல் எங்கள் வரலாற்றில் பாதி கிடைத்திருக்காது. இதை எழுதியதற்காக என்னை இந்தப் பக்கத்தவர்கள் பேசப்போகிறார்கள், பேசட்டும்.

துடுப்பாட்டத்தைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். எங்கள் ஊரின் பழக்கதோஷம் அது. இந்தப் பள்ளிக்கூடத்தின் ஆகப்பெரிய விளையாட்டு வீரர் மட்டையால் புகழ் பெற்றவர் இல்லை, உயரம் பாய்ந்தவர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பெரியவிளானில் 1934இல் பிறந்தவர், மத்திய கல்லூரி மாணவர். பதினெட்டு வயது நிரம்பமுதல் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் பாய்ந்து தங்கம். ஆசிய விளையாட்டில் இலங்கை கண்ட முதல் தங்கம் அதுதான். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2024 ஏப்ரலில் அவர் காலமானார். இந்தச் சுவரை அவர் பார்க்கவில்லை என்பது எங்களுக்குள்ள பெரிய மனக்குறை.

அவர் காலத்துப் பாய்ச்சலை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. இப்போது முதுகைக் காட்டிப் பாய்ந்து மெத்தையில் விழுகிறார்கள். அந்தப் பாணியை உலகம் பார்த்து வியந்தது 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில்தான், தடித்த மெத்தை வந்ததால்தான் அது பரவியது. எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலத்தில் அந்தப் பக்கம் இருந்தது மணல். முதுகால் விழுந்தால் கழுத்து முறியும், ஆகவே முகத்தைக் குறுக்குத்தடிக்குக் காட்டி உருண்டு கடந்து, கையாலும் காலாலும் இறங்கவேண்டும். அப்படி இறங்கி 2.03. எங்களிடம் மாட்டியுள்ள பழைய உயரம் பாய்தல் படத்துக்குக் கீழே, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு கீறியிருக்கிறோம். பிள்ளைகள் வந்து கையைத் தூக்கித் தொட்டுப் பார்க்கிறார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு "இதுக்கு மேலாலயோ?" என்று கேட்கிறார்கள். அந்தக் கோடு கீறும் யோசனையைச் சொன்ன விளையாட்டுப் போதனாசிரியருக்கும், படத்தை அல்பத்திலிருந்து கிழியாமல் பிரித்துத் தந்த கொக்குவில் அன்ரிக்கும் மிக்க நன்றி. வெளிநாட்டில் படித்து வேலைபார்த்த எதிர்வீரசிங்கம் பின்னாட்களில் வடக்குக்குத் திரும்பி வந்து இளம் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் உழைத்தவர் என்பதையும், அவரிடம் திருத்தம் கேட்ட ஒருவர் எழுதித் தந்த குறிப்பால்தான் சேர்க்க முடிந்தது.

புதிய சுவருக்கு எங்கள் கல்லூரியில் படித்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். அதற்கு உதவியவர்கள் எல்லாம் இப்போது படிக்கிற, அண்மையில் வெளியேறிய பொடியன்கள். 2020 டிசம்பர் 4, ஹம்பாந்தோட்டை, லங்கா பிறிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு முதல் ஆட்டம். மறுநாள்தான் பத்தொன்பது வயது. முதல் விக்கெட் அஞ்செலோ மத்தியூஸ். அந்தப் பந்தைத் தொலைக்காட்சியில் பார்த்த வீடுகளில் அன்று நடந்ததைப் பொடியன்கள் தங்கள் கைத்தொலைபேசிகளில் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு அப்பம்மா கைதட்டுகிறார், எதற்கு என்று தெரியாமலே. 2024 மே 8 இன்னொரு பதிவு. ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லில் முதல் ஆட்டம், நான்கு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அன்று எதிரணி லக்னோ எடுத்த 165 ஓட்டத்தை ஹைதராபாத்தின் ஹெட்டும் அபிஷேக்கும் பத்து ஓவர் முடிய முன்னமே விக்கெட் இழக்காமல் தாண்டிவிட்டார்கள், உலகம் அதைப் பற்றியே கதைத்தது. எங்கள் ஸ்கோரர் அண்ணை மட்டும் அந்த 24 பந்துகளையும் தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்துத் தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்காமலே. சுவரில் உள்ளவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன், குறை நினைக்கவேண்டாம். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று இருக்கும் இடங்களிலிருந்து நடுச்சாமத்திலும் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியவர்களுக்கு நன்றி. அதில் ஒருவர் உதைபந்தாட்ட அணிப் படத்தை அனுப்பிவிட்டு, பின்வரிசையில் நிற்பவர்களில் எவர் எவரிடம் இன்னும் சப்பாத்துக் கடன் இருக்கிறது என்பதையும் எழுதியிருந்தார். பழுதான படங்களைக் காசு வாங்காமல் துலக்கித் தந்த ஸ்ரூடியோக்காரருக்கும், எழுத்துப்பிழை பார்த்த தமிழ் ரீச்சருக்கும், ஏணி தந்த வேம்படிப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. கல்லூரி அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். மைதானத்தில் உருளை இழுத்தவர்கள், கோடு போட்டவர்கள், ஆடுகளத்தில் பாய் விரித்து இறுக்கி ஆணி அறைந்தவர்கள், வெள்ளை உடுப்பில் புல்லுக்கறை போக எலுமிச்சம்பழம் தேய்த்த அம்மாமார். எங்களுக்குக் கிடைத்த படம் எதிலும் இவர்கள் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் உருளையின் கைபிடியும் அதைப் பிடித்த ஒரு கையும் மட்டும் விழுந்திருக்கிறது, ஆளை வெட்டிவிட்டார்கள். அந்தக் கை யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. 1950களின் மெய்வல்லுநர் அணிப் படம் ஒன்றில் முன்வரிசையில் நிலத்தில் இருக்கும் மூன்று பேரின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. நடுவில் இருப்பவர் சப்பாத்து இல்லாமல், கையில் கிண்ணத்தோடு இருக்கிறார். உங்கள் அப்பப்பாவோ பெரியப்பாவோ எனப் பட்டால் எங்களில் யாரையாவது கண்டு சொல்லுங்கள். பின்பக்கத்தில் பெயர் எழுதிய படம் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து கிழித்து எடுக்காமல் அல்பத்தோடு கொண்டுவாருங்கள், பிரதி எடுத்து அன்றைக்கே திருப்பித் தருவோம். ஸ்கோர் புத்தகங்களின் மூலப்பிரதிகள் பிரதி எடுத்து முடிந்தது. வருகிற கிழமை அண்ணை வீட்டுக்குத் திரும்பிப் போகின்றன. சுவரில் இருப்பவை பிரதிகளே. மூலத்தைப் பார்க்க விரும்புவோர் அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அம்மியைப் பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள்.

நன்றியுடன்,
பழைய மாணவர் சிலரின் சார்பில்,
தண்ணீர்ப் போத்தல் சுமந்த ஒரு பன்னிரண்டாவது ஆட்டக்காரன்