எலும்புக்கு மெருகு ஏற்றியவர்களே, என்ன பூசினீர்கள்?

பனியூழிக்கால விலங்கு எலும்புகளைப் பாதுகாத்துவரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வருடம் ஒரு அருங்காட்சியகத்தில் மாமூத்தின் (அழிந்துபோன, உடம்பெல்லாம் ரோமம் கொண்ட யானை) கடைவாய்ப் பல் ஒன்றைக் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது அலமாரிக்கு வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு, ஓரத்தில் தேன் நிறத்தில் வழிந்து இறுகிப்போன ஒரு சொட்டு. அட்டையில் "36,000 ஆண்டுகள்" என்று போட்டிருந்தது. அந்தச் சொட்டு என்ன என்று கேட்டேன். தெரியாதாம், பதிவேட்டிலும் இல்லையாம்.

பளபளப்பில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பழைய எலும்பின் வயதைக் கணக்கிடுவது கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்துத்தான். விலங்கு செத்த பிறகு அதன் உடம்பில் இருக்கும் கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகக் குறைகிறது, 50,000 ஆண்டு ஆகும்போது நானூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கார்பன்-14 துளியும் மிஞ்சாத அவ்வளவு பழைய எலும்பில், பூச்சு வழியாக இந்தக் காலத்துக் கார்பன் வெறும் 1 சதவீதம் கலந்துவிட்டால் போதும், வயது சுமார் 37,000 என்று வந்துவிடும். அட்டையில் இருந்த எண்ணை இப்போது இன்னொரு தடவை பாருங்கள். அந்தப் பல்லின் வயது தப்பு என்று சொல்லவில்லை, சரி என்று நம்பத்தான் வழியில்லை.

இது வெறும் பயம் இல்லை. அலாஸ்காவிலும் கனடாவின் யூகானிலும் கிடைத்த மாஸ்டடான் (யானைக்குத் தூரத்து உறவான, அழிந்துபோன விலங்கு) எலும்புகள் சிலவற்றுக்குப் பழைய சோதனைகளில் 50,000க்கு வெகு கீழே வயது வந்தது, மனிதர்கள் வந்தபோதும் அவை அங்கே இருந்திருக்கலாம் என்ற பேச்சுக்கும் அது இடம் கொடுத்தது. 2014இல் வெளியான ஆய்வில் 36 எலும்புகளை நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாமே கார்பன் முறை எட்டும் எல்லையிலோ (சுமார் 50,000 ஆண்டு) அதற்கு அப்பாலோ போய் நின்றன. ஆளே வராத காலத்தில் செத்த விலங்குக்கு வேட்டைக்காரனைத் தேடியிருக்கிறோம்! பழைய எண்கள் கெட்டதற்குக் காரணம், பாதுகாக்கிறோம் என்று பூசிய பொருள்கள்.

எதைப் பூசினீர்கள் என்பதுதான் விஷயமே. அரக்கு என்றால் அதில் இருப்பது இந்தக் காலத்துக் கார்பன், வயது குறையும், பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கைப் பசை என்றால் கூடும், ஏனென்றால் அதில் கார்பன்-14 செத்துப் பல காலம். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் இருக்கிறதே, மாட்டுத் தோலும் எலும்பும் போட்டது, அதுதான் பெரிய தொல்லை. சோதனைக்கூடத்தில் எலும்பிலிருந்து பிரித்தெடுப்பது கொலாஜன் என்ற புரதம், வச்சிரமும் அதே கொலாஜன்தான். பாலில் ஊற்றிய பாலை எப்படிப் பிரிப்பது?

அதனால் கேட்கிறேன், ஒவ்வொரு எலும்புக்கும் என்ன, எந்த வருடம், எந்தப் பக்கம் பூசப்பட்டது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். அப்புறம் அட்டையில் ஆண்டு போடும்போது அது கார்பன் ஆண்டா (கார்பன்-14 அளவிலிருந்து நேரே கணக்கிட்டது), திருத்திய நாட்காட்டி ஆண்டா என்றும் சொல்லிவிடுங்கள். 11,000 கார்பன் ஆண்டு என்பது நாட்காட்டிக் கணக்கில் கிட்டத்தட்ட 12,900, பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

இனி புதிதாகத் தோண்டி எடுப்பவற்றிலாவது ஒரு விரற்கடை அளவு எலும்பைத் தனியே எடுத்து, எதுவும் பூசாமல் வைத்துவிடுங்கள். இப்போதைய கருவிகளுக்கு ஒரு கிராம் அளவு எலும்பே போதும்.

இப்படிக்கு,
கண்ணாடியில் மூக்கு இடித்துக்கொண்ட பார்வையாளர்