நாலு பேர் ஓட்டிய வண்டிக்கு ஒரு பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் நெல்லைப் பக்கத்தில் 'கார் பந்தயத்தில் நெல்லை இளைஞர் அசத்தல்' என்று ஒரு செய்தி வந்திருந்தது. கோவைப் பக்கம் நடந்த ஆறு மணி நேர கோ-கார்ட் (தரையை ஒட்டி ஓடும் குட்டி வண்டி) பந்தயத்தில் எங்கள் அணி ஐந்தாவதாக வந்ததைப் பற்றிய செய்தி. குடிநீர்க் குழாய் உடைப்புக்கும் கொடை விழாவுக்கும் நடுவில் இதற்கும் இடம் ஒதுக்கினீர்களே, அதற்கு நன்றி. ஆனால் செய்தியில் இருந்தது ஒரே ஒரு பெயர். படத்திலும் அவன் ஒருவன்தான். வண்டியை ஓட்டியவர்கள் நாலு பேர்.

நான் ஓட்டியவனில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். பந்தயத்தன்று ஸ்டாப்வாட்சும் ஸ்லேட்டுமாக, ஆள் மாற வண்டியை நிறுத்துகிற 'பிட்' ஓரத்தில் நின்றேன். என் பெயரைப் போடச் சொல்லி இதை எழுதவில்லை.

பெயர் வந்த தம்பி மேலும் வருத்தமில்லை. பொறியியல் படிக்கிற பையன், எங்கள் அணியில் வேகம் என்றால் அவன்தான். பந்தயம் முடிந்தது என்று கட்டம் போட்ட கொடியை ஆட்டியபோது வண்டியில் இருந்தது அவன். இறங்கியதும் எதிரில் நின்ற நிருபர் பெயரைக் கேட்டார், சொன்னான். பேப்பரைப் பார்த்த பிறகு பேட்டையில் நாங்கள் கூடுகிற பட்டறைப் பக்கம் வரவே அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. "அண்ணாச்சி, நீங்களாவது ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க" என்று என்னிடம் சொன்னதே அவன்தான்.

உங்கள் வாசகர்களில் பலர் கோ-கார்ட்டைப் பொருட்காட்சியில் பார்த்திருக்கலாம். காசு கொடுத்தால் சில ரவுண்டு, அப்புறம் இறங்கி வந்துவிட வேண்டும். நெடுநேரப் பந்தயம் அப்படி இல்லை. அணிக்கு ஒரு வண்டி. ஆறு மணி நேரமும் அந்த வண்டி ஓடிக்கொண்டே இருக்க, ஆட்கள் மாறி மாறி ஏறுவார்கள். யார் அதிகச் சுற்று போடுகிறார்களோ அந்த அணிக்கு முதலிடம். சுற்றை எண்ணுவதற்கு வண்டியில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

நாங்கள் ஓடிய பந்தயத்தில் குறைந்தது ஏழு முறை ஆள் மாற வேண்டும், ஒருவர் ஒரே மூச்சில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதி. ஆறு மணி நேரத்தை எட்டாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முக்கால் மணி என்று வைத்துக்கொண்டோம். தம்பி ஓட்டியது சுமார் ஒன்றரை மணி நேரம். மற்ற மூன்று பேரும் அதே அளவுதான் ஓட்டினார்கள். கட்டணத்தையும் நாலாகத்தான் பிரித்துக் கட்டினார்கள்.

அந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்குகிறார், எடை 90 கிலோ. வாடகை கார்ட்டுகளில் பெரும்பாலும் 200, 270 சிசி அளவில் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்தான் இருக்கும். ஒன்பது குதிரைசக்தி தேறினாலே பெரிது. அவ்வளவு சின்ன என்ஜினுக்கு ஆள் எடை பெரிய சங்கதி. ஒல்லியானவர்களுக்கு அதனால் லாபம் வந்துவிடக் கூடாது என்று குறைந்தபட்ச எடை ஒன்றை வைத்து, அதற்குக் கீழே இருப்பவர்களின் வண்டியில் ஈயக்கட்டி ஏற்றுவார்கள். எடை கூடியவருக்கு எதையும் இறக்கிக் கொடுக்க வழியில்லை. அதனால் பட்டறை அண்ணாச்சி ஒவ்வொரு சுற்றிலும் தம்பியைவிட அரை வினாடிக்கு மேல் பின்தங்கினார். ஸ்லேட்டில் எழுதியவன் நான்தானே.

ஆனால் இயந்திரத்தோடு முப்பது வருஷம் கிடந்தவருடைய காலும் காதும் வேறு மாதிரி. இரண்டாவது ஆளாக ஓட்டிவிட்டு இறங்கியவர், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அடுத்து ஏறுகிறவரிடம் சொன்னார்: "பிரேக் மிதி லேசா உள்ள போகுது. நேர் ரோடு முடியுத இடத்துல கொஞ்சம் முன்னாடியே மிதிச்சிருங்க. ஆக்சிலேட்டர்ல கால வச்சிக்கிட்டே மட்டும் மிதிச்சிராதீங்க." இந்த வண்டிகளில் பிரேக் பின்பக்க அச்சில் மட்டும்தான். கியர் கிடையாது, கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக். பதற்றத்தில் இரண்டு காலையும் சேர்த்து அமுக்குவது புதிதாக ஓட்டுகிற யாருக்கும் வரும். அப்படி அமுக்கினால் பிரேக்கும் கிளட்சும் சேர்ந்து சூடேறும். அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டு நடந்தார்கள், தம்பி உள்பட. அவனுக்குப் பிரேக்கைக் கடைசி நொடியில் பிடித்தால்தான் தூக்கம் வரும், இருந்தும் அடக்கிக்கொண்டான். எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு அணி ஐந்தாவது மணியில் பிரேக் வேலை செய்யாமல் பிட்டுக்குள் வந்து நாலு சுற்றை இழந்தது. ஐந்தாம் இடம் எங்களுக்கு வந்தது அப்போதுதான். அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று நிருபர் கேட்டிருந்தால் நான் அவரைத்தான் கைகாட்டியிருப்பேன்.

இன்னொருவர் மேலப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். ஈயக்கட்டி ஏற்றப்பட்டது அவருக்குத்தான். அவரைப் பற்றி என் ஸ்லேட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை, எல்லாச் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே நேரம். நீலக்கொடி காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிடு என்று அர்த்தம். அதைத் தன்மானப் பிரச்சினையாக்கி, மறித்து ஓட்டி, தட்டுப்பட்டுச் சுழன்று நின்றவர்கள் அன்று நிறையப் பேர். இவர் யாரையும் தட்டவில்லை, யாரிடமும் தட்டு வாங்கவும் இல்லை.

மூன்றாமவர் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியனாக இருக்கும் பெண். உயரம் கம்மி. கார்ட் இருக்கை பெரிய உடம்புக்காரர்களுக்கென்று வார்த்தது. அதில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் மிதிக்கு எட்டாது, வளைவுகளில் உடம்பு அங்கும் இங்கும் போகும். அதற்காகத் தச்சநல்லூரில் பஸ் சீட் தைக்கிறவரிடம் சொல்லி ஃபோம் வைத்து ரெக்சின் போட்டு ஒரு திண்டு தைத்தோம். அவர் ஏறும்போது திண்டை வைப்பதும் இறங்கும்போது உருவுவதும் என் வேலை. பிட்டுக்குள் வந்தால் இரண்டு நிமிடம் கண்டிப்பாக நிற்க வேண்டும், ஒரு வினாடி முந்தி வெளியே போனாலும் தண்டனை. அதனால் அவசரமே கிடையாது என்று நினைப்பீர்கள். ஆள் இறங்கி, திண்டு மாறி, ஈயக்கட்டி மாறி, சேதி சொல்லி, கையுறை போட்டு முடிப்பதற்குள் அந்த இரண்டு நிமிடம் போதவே போதாது.

பெண் ஓட்டினார் என்றதும் முடி சிக்காதா என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2020 அக்டோபரில் ஹைதராபாத் அருகே கோ-கார்ட்டில் முடி சிக்கி ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். இருக்கைக்குப் பின்னாலேயே அச்சு சுழல்கிறது, பக்கத்தில் என்ஜின். எங்கள் அணியில் முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, துணி முகமூடிக்குள் அடக்கி, அதற்கு மேல் ஹெல்மெட், கழுத்து வரை மூடிய முழு உடை. துப்பட்டா, கைலி, தொங்குகிற கயிறு எதுவும் வண்டிப் பக்கம் வரக் கூடாது. பொருட்காட்சியில் பிள்ளைகளை ஏற்றிவிடும் பெற்றோரும் இதைப் பார்த்துக்கொண்டால் நல்லது.

நாலாவது மணியில் தூறல் போட்டது. அப்போது வண்டியில் இருந்தது அந்தப் பெண்தான். கார்ட்டுக்குப் பின் அச்சு ஒரே கம்பி; இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் கார் மாதிரி இதில் கிடையாது, இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். காய்ந்த தரையிலேயே உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். ஈரத்தில் நேராக வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கும். இத்தனை நேரம் எல்லாரும் ஓட்டி ஓட்டி ரப்பர் படிந்த வழிதான் மழையில் ரொம்ப வழுக்கும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வண்டிகள் தன் கண் முன்னால் சுழன்றதைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றிலேயே வளைவுகளில் வெளிவட்டமாக, யாரும் போகாத தரையில் போக ஆரம்பித்தார். சுற்று நேரம் எல்லாருக்கும் கூடியது, அவருக்குக் குறைவாகக் கூடியது. அந்த அரை மணியில் மட்டும் மூன்று இடம் முன்னேறினோம். பிறகு தம்பி வெயிலில் வேகமாக ஓட்டிக் காப்பாற்றியது அந்த இடங்களைத்தான்.

இதில் உடம்பு படுகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு சஸ்பென்ஷன் கிடையாது, தரையின் ஒவ்வொரு மேடும் முதுகுக்கு வந்து சேரும். வளைவுக்கு வளைவு விலா எலும்பு இருக்கை விளிம்பில் இடிக்கும். பட்டறை அண்ணாச்சிக்கு இடது விலாவில் கன்றிப்போய் இன்னும் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. முக்கால் மணிக்கு ஒரு தரம் ஆள் மாறுவது இதனால்தான்.

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம் 1923-ல் தொடங்கியது. 1952-ல் அங்கே பியர் லெவெக் என்பவர் கூட்டாளியிடம் வண்டியைக் கொடுக்க மறுத்துத் தனியாளாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட 23 மணி நேரம் ஓட்டி முதலிடத்திலும் இருந்தார். முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது என்ஜின் போய்விட்டது. கூட்டாளி ரெனே மர்ஷான் ஹெல்மெட்டோடு நின்றதுதான் மிச்சம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1950-ல், லூயி ரோசியே என்பவர் அதே பந்தயத்தில் ஜெயித்தார். ஏறக்குறைய முழுவதையும் அவரே ஓட்டினார், மகன் ஜான்-லூயி ஓட்டியது இரண்டே சுற்று. இருந்தும் வெற்றிப் பட்டியலில் இன்றுவரை அப்பா பெயரும் மகன் பெயரும் சேர்ந்துதான் இருக்கின்றன. இரண்டு சுற்று ஓட்டியவருக்கே அங்கே இடம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள்.

நம்மூர்ப் பத்திரிகைகளுக்கோ ஒரே ஒரு பெயரைப் போடுவது பழக்கம் ஆகிவிட்டது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. நானும் அவர் ரசிகன்தான், எங்கள் தெருவில் பையன்கள் வெடி போட்டபோது கூட நின்றவன்தான். ஆனால் மூன்றாவதாக வந்த அந்த வண்டியை ஓட்டியவர்கள் மேத்யூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரூன் மெக்லியாட் என்ற மூன்று பேர். பயிற்சியின்போது நடந்த விபத்துக்குப் பிறகு அஜித் அந்த வண்டியை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார்; அந்த அணிக்கு அவர் உரிமையாளர். வெடி போட்டவர்களிடம் இந்த மூன்று பெயர்களையும் சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று நீங்கள் 'பக்தர்கள் வடம் பிடித்து இழுத்தனர்' என்றுதான் எழுதுவீர்கள். வடத்தின் முனையில் நின்றவர் தேரை இழுத்தார் என்று எழுத மாட்டீர்கள். அங்கே ஆயிரக்கணக்கான பேர், பெயர் போட முடியாது, சரி. எங்கள் வண்டிக்கு நாலே பேர்தான்.

இன்னொரு திருத்தம். 'மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் சீறிப்பாய்ந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் ஓட்டிய வாடகை வண்டி நேர் ரோட்டில் அறுபதைத் தொட்டாலே அதிகம். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் ஓட்டுகிறவருக்கு வேகம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். பட்டறை அண்ணாச்சியின் வீட்டில் மதினி அந்த 150-ஐப் படித்துவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் போனால் பட்டறைச் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தத் திருத்தத்தை மட்டுமாவது கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நாலு பேரின் பெயர்களையும் ஓட்டிய வரிசையிலேயே தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். நாலு பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றும் இருக்கிறது. வண்டியின் முன்சக்கரம் மட்டும்தான் அதில் தெரிகிறது, பரவாயில்லை. டெக்னீசியன் பெண்ணின் பெயருக்கு முன்னால் உள்ள இனிஷியல் அவருடைய அம்மா பெயரின் முதல் எழுத்து. பிழை என்று நினைத்து உங்கள் ஆபீசில் யாரும் அதைத் திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அணிக்கு ஸ்லேட்டு பிடித்தவன்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.