உங்கள் மதிப்பெண்ணில் வீட்டு வேலை எங்கே?

உலகப் பொருளாதார மன்றத்தில் பாலின இடைவெளி அறிக்கை தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம்.

2025 அறிக்கையைப் படித்தேன். 148 நாடுகள், முதலிடத்தில் வழக்கம்போல ஐஸ்லாந்து. ஆண்-பெண் இடைவெளி எந்த நாட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று 2006 முதல் நீங்கள் மதிப்பெண்ணாகப் போட்டுவரும் கணக்கை உங்களுக்கே விளக்கப் போவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்: சம்பளமில்லாத வீட்டு வேலையையும் பராமரிப்பு வேலையையும் மதிப்பெண்ணில் சேருங்கள். அறிக்கையின் உள்ளே அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினால் போதாது, மதிப்பெண்ணில் சேர வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். நடுவில் துணி மாற்றுவது, சாப்பாட்டைக் கரைத்துக் கொடுப்பது, மருந்து, அப்புறம் வழக்கமான சமையலும் துவைப்பும். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு வந்தவர் அவரிடம், கடந்த ஏழு நாளில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார். இல்லை. வேலை தேடினீர்களா? அதற்கும் இல்லை. இரண்டு 'இல்லை' விழுந்ததும் அந்தப் பெண் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வெளியே போய்விட்டார். இதே வேலையைப் பக்கத்து வீட்டில் கூலிக்குச் செய்திருந்தால் உள்ளே இருந்திருப்பார். அவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வீடு மாறி உழைத்து, ஒருவருக்கொருவர் சம்பளம் கொடுத்துக்கொண்டால், யாருடைய முதுகுவலியும் குறையாமலே நாட்டின் மதிப்பெண் ஏறும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இந்தச் சுமையால் வேலைக்கே போக முடியாத பெண்கள் 60.6 கோடி, ஆண்கள் 4.1 கோடி. நீங்கள் அளக்கும் வருமான இடைவெளிக்கு வேர் எங்கே இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த எண் சொல்லும்?

யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கேட்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எல்லா நாட்டிலும் இல்லையே என்பீர்கள். சரி. ஆனால் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே சம்பளம் கிடைக்கிறதா என்பதை எப்படி அளக்கிறீர்கள்? நிறுவனங்களின் மேலதிகாரிகளிடம் கருத்துக் கேட்டு. முதலாளி தரப்பின் அபிப்பிராயம் தரவாகும்போது, உழைத்தவர் மணிக்கணக்காகக் குறித்துக் கொடுத்த நேரம் ஏன் ஆகாது? ஐரோப்பியப் பாலினச் சமத்துவ நிறுவனம் தன் குறியீட்டில் நேரத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

செய்யத் தெரியாதவர்களும் இல்லை நீங்கள். ஒரு நாட்டில் பெண் தலைவர் எத்தனை ஆண்டு ஆட்சியில் இருந்தார் என்று 50 ஆண்டுக்குப் பின்னோக்கிப் பார்த்து மதிப்பெண் போடுகிறீர்கள். நேற்று ராத்திரி மாமியாருக்காகக் கண்விழித்தவருக்குத்தான் உங்கள் அட்டவணையில் கட்டம் கிடைக்கவில்லை. முன்னோக்கியும் பார்க்கிறீர்கள்: முழுச் சமத்துவம் வர இன்னும் எத்தனை ஆண்டு என்பதற்கு 2020 அறிக்கையில் 99.5 ஆண்டு, 2021இல் 135.6, 2024இல் 134, 2025இல் 123. தசமப் புள்ளி வரை துல்லியமாக எழுதிய எண் ஒரே வருடத்தில் 36 ஆண்டு தள்ளிப்போனது. பெருந்தொற்று வந்தது, உண்மைதான். தொற்றுக் காலத்தில் வீட்டில் ஏறிய வேலையாவது அடுத்த ஆண்டு மதிப்பெண்ணில் வந்ததா? இன்னொன்று: நீங்கள் அளப்பது விகிதம் என்பதால் ஆண்களுக்கு வேலை போனாலும் இடைவெளி குறைந்ததாகிவிடும். வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் அந்த ஆண் ஒரு பாத்திரமாவது கழுவினாரா என்று கேட்க உங்களிடம் கேள்வியே கிடையாது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரசுகள் உங்கள் தரவரிசையைப் பார்த்துப் பதறுகின்றன, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த அறிக்கையில் சம்பளமில்லாத வேலை நேரத்தை, பெண்ணுக்கு எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு என்று ஒரு குறியீடாகச் சேர்த்து மதிப்பெண் போடுங்கள். தரவு இல்லாத நாட்டுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டு, கணக்கெடுக்கவில்லை என்று அச்சிடுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று அந்தந்த அரசுகளை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கையை ஆண்டுதோறும் படிக்கும் ஒருத்தி