மூலையில்லாத வீட்டில் உன் சிலைகள்

அன்புள்ள கனி,

சிலை செய்து காட்சிக்கு வைக்க நீ போய்த் தங்கியிருக்கும் அந்த வளைந்த வீட்டின் படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். "பீரோவை எங்கே வைப்பார்கள்?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்த எனக்கே பதில் தெரியவில்லை. மூலைமட்டத்துக்கு வேலையே இல்லாத வீடு அது. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டறையில் கம்பீரமாக நின்ற சிலைகள் அங்கே போனதும் சுருங்கிவிட்டன என்று வருத்தப்பட்டாய். வீடே பெரிய சிலையாக இருக்கும்போது உன் வேலையை யார் பார்ப்பார்கள் என்றாய். வெள்ளைப் பீடங்களும் தடுப்புப் பலகைகளும் வரவழைக்கப் போகிறாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய்.

இந்தப் பயம் உனக்கு மட்டும் வந்ததில்லை. நியூயார்க்கில் பிராங்க் லாயிட் ரைட் கட்டிய குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் சுழல் பாதையும் சாய்ந்த சுவரும் ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்று 1956இல் 21 கலைஞர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். 1959இல் திறந்தபோது சுவரிலிருந்து கம்பி நீட்டி, படங்கள் அந்தரத்தில் நிற்பதுபோல் மாட்டினார்கள். சரி, வழி பிறந்தது.

அதே ரைட் பென்சில்வேனியாவில் ஓர் அருவியின் மேலேயே ஒரு வீடு கட்டினார், ஃபாலிங்வாட்டர். அங்கே இருந்த பாறையை உடைக்காமல், அதன் தலை கணப்படுப்பின் முன்னால் தரைக்கு மேலே தெரியும்படி விட்டுவிட்டார். சுற்றியுள்ள கல்தளத்துக்கு மெழுகு போட்டிருக்கிறார்கள், பாறைக்குப் போடவில்லை. அதனால் தளம் ஓடைநீர் மாதிரி பளபளக்க, பாறை காய்ந்து தலைநீட்டுகிறது. சிற்பிக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? அந்த வீட்டு ஓடைப்பக்கம் ழாக் லிப்ஷிட்ஸ் செய்த 'தாயும் சேயும்' வெண்கலச் சிலை இருக்கிறது. 2017இல் புயலில் ஒரு மரம் சாய்ந்து அதை ஓடைக்குள்ளேயே தள்ளிவிட்டது. எடுத்துச் சீர்செய்து பழைய இடத்திலேயே வைத்தார்கள். பத்திரமான இடத்துக்கு மாற்றவில்லை பார்.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பீடத்தைக் கொண்டுபோய் வைத்தால், டெலிவரி வந்து பிரிக்காமல் விட்ட பிரிட்ஜ் மாதிரி நிற்கும். இன்னொன்று, அந்தச் சுவர் ஃபெரோசிமெண்ட் என்றாய். கம்பிக்கூட்டின் மேல் வலை கட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கலவை பூசியது. அதில் ஆணியோ டிரில்லோ படக்கூடாது. வலையில் ஈரம் ஏறித் துருப்பிடித்தால் பூச்சு வெடித்து வரும். வளைந்த கூரைக்குக் கீழே ஒரு பக்கம் கிசுகிசுத்தால் மறுபக்கம் கேட்கும். திறப்பு விழாவில் யாரைப் பற்றிப் பேசுகிறாய் என்று பார்த்துக்கொள்.

மூன்றாவது படத்தை எடுத்துப் பார். முடிக்காத அந்த மண்டியிட்ட பெண் சிலையை வட்ட ஜன்னலுக்குக் கீழே படியில் விட்டிருக்கிறாய். நீ அவளை அங்கே வைக்கவில்லை, கை வலித்து இறக்கியிருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் சாயங்கால வெயிலில் அவள் நிழல் சுவரில் ஏறி, அப்படியே கூரைக்கு வளைந்து போகிறது. நம் வீட்டுச் சுவராக இருந்தால் மூலையில் முறிந்திருக்கும். அங்கே முறியவே இல்லை. மற்றச் சிலைகள் எதுவும் அவ்வளவு உயரமாக இல்லை.

நீ அங்கே தங்கி வேலை செய்யும் ரெசிடென்சி இன்னும் ஆறு வாரம் இருக்கிறதே. மற்றச் சிலைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று இறக்கிப் பார். இடுப்பு பத்திரம். ஒத்துவராததைப் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கேயே புதிதாக ஒன்று செய்.

திறப்பு நாளுக்கு வருகிறோம். ரசமட்டத்தை எடுத்து வரக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். தூக்குக்குண்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா